மீட்டு வந்த குதிரை வைத்திருப்பவர்களே, இன்று உங்கள் லாயத்தில் என்ன நடந்தது?

கொள்ளுப்பை | ஜூலை 12, காலை 6.35

விடியற்காலை 4.50-க்கு டார்ச் அடித்துப் பார்த்தால் கல்யாணி தரையில் கிடக்கிறாள். பக்கவாட்டில், நாலு காலையும் நீட்டி, நாக்கு நுனி வெளியே தெரிய. தவிட்டு வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். கிட்டப் போன பிறகுதான் கேட்டது, குறட்டை. எங்கள் தாத்தா திண்ணையில் விடுவாரே, அதே குறட்டை.

ஏழு மாதமாக இந்த லாயத்தில் இருக்கிறாள். ஒரு நாளும் படுத்ததில்லை. குதிரை நின்றுகொண்டே கண்ணயரும், கால் மூட்டுகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆழ்ந்த தூக்கம் படுத்தால்தான் வரும். இடத்தை நம்பாத குதிரை படுக்காது. கடற்கரையில் சவாரிக்கு ஓடிய காலத்தில் அவள் எங்கே படுத்திருப்பாள்? வந்த புதிதில் முன்னங்கால்களில் குளம்புக்கு மேலே, கணுவின் முன்பக்கம், காய்ந்த புண் தழும்புகள். அடித்த தழும்பு என்று நினைத்தேன். தூக்கம் தாங்காமல் நின்ற நிலையிலேயே மடங்கி விழுந்து தேய்ந்த புண் என்று மருத்துவர் சொன்னார்.

நாற்பது நிமிடம் தூங்கினாள். பக்கத்தில் எங்கள் இன்னொரு குதிரை முத்து காவலுக்கு நின்றான். நான் தேநீரை ஆறவிட்டுக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றேன். உங்கள் லாயத்துச் செய்தியையும் எழுதுங்கள். சந்தோஷமோ வயிற்றெரிச்சலோ, எதுவானாலும்.

ஊட்டிக்குளிர் | ஜூலை 12, காலை 9.10

அக்கா, எங்கள் வீட்டில் நேற்று விழா. சாணம் போட்டதற்கு விழா. மார்க்கெட் குப்பையில் மேய்ந்துகொண்டிருந்த மட்டக்குதிரை ஒன்றைப் போன வாரம் கொண்டுவந்தோம் அல்லவா, மூன்று நாளாக வயிறு இறுகிக் கிடந்தது. நேற்று மாலை போட்டது. அதில் ஒரு பிளாஸ்டிக் உறை, முழுசாக, மடிப்புக் கலையாமல். என் மனைவி அதைக் குச்சியால் விரித்து எந்தக் கடை உறை என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீசன் முடிந்தால் இங்கே சவாரிக் குதிரைகளைத் தெருவில் அவிழ்த்து விட்டுவிடுவார்கள். புல்லுக்கு நேர் எதிரே குப்பைத்தொட்டி. எதில் உப்பு அதிகம் என்று குதிரையைக் கேட்க வேண்டியதில்லை.

லாடக்காரர் மகன் | ஜூலை 12, காலை 9.42

குதிரை போடுவது லத்தி. சாணம் மாடு போடுவது. மற்றபடி வாழ்த்துகள்.

ஊட்டிக்குளிர் | ஜூலை 12, காலை 9.50

ஒத்துக்கொள்கிறேன் ஐயா. லத்தி விழா.

புதியவன் | ஜூலை 12, இரவு 8.20

அனைவருக்கும் வணக்கம். திருச்சி பைபாஸ் ஓரத்தில் ஒரு குதிரை பத்து நாளாக நிற்கிறது. விலா எலும்பு, இடுப்பு எலும்பு, முதுகெலும்பு எல்லாம் துருத்திக்கொண்டிருக்கிறது. நானும் நண்பனும் நாளை அதை எங்கள் தோப்புக்குக் கொண்டுபோகிறோம். ஐந்து கிலோ கொள்ளு வாங்கி ஊறப் போட்டாயிற்று. வேறு என்ன வாங்க வேண்டும்?

கொள்ளுப்பை | ஜூலை 12, இரவு 8.26

தம்பி, அந்தக் கொள்ளை எடுத்து உங்கள் வீட்டில் ரசம் வையுங்கள். குதிரை வாயருகே கொண்டுபோகாதீர்கள். மீதியைக் கொஞ்ச நேரத்தில் எழுதுகிறேன். அதற்குள் போட்டுவிடாதீர்கள் என்பதற்காக இதை முதலில் அனுப்புகிறேன்.

கொள்ளுப்பை | ஜூலை 12, இரவு 9.15

2019-இல் எனக்கு முதல் குதிரை வந்தது. வெள்ளை, ஆண். விலாவை வாசலிலிருந்தே எண்ணலாம். பசித்தவனுக்கு வயிறாரப் போடு என்றுதானே நம்மை வளர்த்திருக்கிறார்கள்? ஊறவைத்த கொள்ளு, தவிடு, ஒரு கட்டி வெல்லம். வாளியின் அடி பளபளக்கும்வரை நக்கினான். மறுநாள் என்னைப் பார்த்ததும் கனைத்தான். இன்னும் போட்டேன். மூன்றாம் நாள் தொடைச் சதை தானாகத் துடித்தது. குளிர் என்று நினைத்துச் சாக்கைப் போர்த்தினேன். நான்காம் நாள் மாலை நின்ற இடத்திலேயே விழுந்தான்.

பட்டினியில் அவன் அத்தனை நாள் உயிரோடிருந்தான். என் சாப்பாட்டில் நாலு நாள்தான் இருந்தான். அந்தக் கொள்ளுப் பை இன்னும் லாயத்து ஆணியில் தொங்குகிறது. இங்கே பதிவு செய்தபோது பெயர் கேட்டது, கண்ணெதிரே அதுதான் இருந்தது.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் | ஜூலை 12, இரவு 10.05

அம்மா எழுதியதற்குக் காரணம் சொல்கிறேன், தம்பி கவனமாகப் படிக்கவும். நெடுநாள் பட்டினி கிடந்த உடல் தன் கொழுப்பையும் சதையையும் எரித்துப் பிழைக்கிறது. உடலில் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மக்னீசியமும் ஏற்கெனவே வற்றிப்போயிருக்கும். திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனால் இன்சுலின் எகிறும். மிச்சமிருக்கும் கொஞ்சத்தையும் இரத்தத்திலிருந்து உயிரணுக்களுக்குள் இழுத்துக்கொண்டுபோகும். இதயமும் மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடும். முதல் பத்து நாள்தான் கண்டம்.

குதிரை மசால் என்ற தீவனப் பயிரைக் கொடுங்கள். பெயரிலேயே குதிரை இருக்கிறது, ஆனால் நம் ஊரில் கறவை மாட்டுக்குத்தான் போடுகிறார்கள். அதில் மாவுச்சத்து குறைவு, மணிச்சத்தும் மக்னீசியமும் உண்டு. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பட்டினிக் குதிரைகளை வைத்துச் செய்த ஆய்வில் தேறியதும் இதுதான். உலர்ந்த குதிரை மசால், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய அரைக் கிலோ, இரவிலும். மூன்று நாள் இப்படி. பிறகு அளவைக் கூட்டி, வேளையைக் குறைத்து, பத்தாம் நாள் வாக்கில் வேண்டிய மட்டும். தண்ணீரும் உப்புக்கட்டியும் எப்போதும் எட்டும் இடத்தில். மூக்கில் சளி ஒழுகினால் வெறும் கையால் தொடாதீர்கள். கிளாண்டர்ஸ் என்ற நோய் மனிதருக்கும் தொற்றும். உள்ளூர் மருத்துவர் இரத்தம் எடுத்து ஹிசாரிலுள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்வார். வேறு விலங்கோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று எதற்குச் சொன்னார்களோ தெரியாது, இந்த விஷயத்தில் பின்பாதி முழு உண்மை.

லாடக்காரர் மகன் | ஜூலை 13, காலை 7.15

எல்லாரும் தீனியைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி, அந்தக் குதிரைக்கு உடையவன் யார்? சாலையில் நிற்பதெல்லாம் அநாதை இல்லை. கேட்காமல் ஓட்டிப்போனால் அதற்குப் பெயர் திருட்டு. முதலில் பக்கத்து டீக்கடையில் விசாரியுங்கள், அப்புறம் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த இழையில் குதிரைக்காரன் என்றாலே கொடுமைக்காரன் என்ற தொனி வருகிறது. என் அப்பா முப்பது வருடம் லாடம் அடித்தவர். 2020 ஊரடங்கில் சவாரி இல்லை, திருமணம் இல்லை, கோயில் ஊர்வலம் இல்லை. ரேஷன் அரிசியை வடித்துக் கஞ்சியைக் குதிரைக்கு ஊற்றியவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அது தப்பான தீனி என்று டாக்டர் சொல்வார். வேறென்ன இருந்தது என்று நான் கேட்பேன்.

ஊட்டிக்குளிர் | ஜூலை 13, காலை 8.02

கஞ்சி ஊற்றியவர்களை யார் குறை சொன்னார்கள்? பன்னிரண்டு வயதுக் குதிரையின் முதுகில் உள்ளங்கை அகலப் புண், அதற்கு மேலேயே சேணம், அதற்கு மேல் எண்பது கிலோவில் ஓர் ஆள், கையில் செல்ஃபி. இதை நான் வாரம் இரண்டு முறை பார்க்கிறேன். 1965-ஆம் வருட விதியில் மட்டக்குதிரை சுமக்கக்கூடிய பாரம் 70 கிலோ. எங்கே எடை பார்க்கிறார்கள்?

லாடக்காரர் மகன் | ஜூலை 13, காலை 8.20

ஏறுகிறவரும் தன் எடையைத் தெரிந்துகொண்டுதானே ஏறுகிறார்.

கொள்ளுப்பை | ஜூலை 13, பிற்பகல் 1.30

இரண்டு பேரும் சற்று நிறுத்துங்கள். கல்யாணியை எனக்குக் கொடுத்தவரே அவளுடைய சவாரிக்காரர்தான். யாரும் பிடுங்கவில்லை. ‘ஓட முடியவில்லை, விற்றால் எங்கே போகும் என்று தெரியும், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று கொண்டுவந்து விட்டார். வண்டி வாடகையில் பாதியும் அவரே கொடுத்தார். முதுகில் சேணப் புண் ஆறிய இடத்தில் செந்நிறத்துக்கு நடுவே வெள்ளை முடி வட்டமாக முளைத்திருக்கிறது, அந்தப் புண்ணும் அவர் காலத்ததுதான். மாதம் ஒருமுறை போன் செய்கிறார். நலமா என்று கேட்பதில்லை. ‘தின்கிறதா?’ என்று மட்டும் கேட்பார். இந்த மனிதரை எந்தக் கணக்கில் எழுதுவது என்று ஏழு மாதமாக எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு பொய் சொன்னார். வயது பதினைந்து என்றார். மருத்துவர் மேல்வரிசையில் முன்பற்களின் கடைசிப் பல்லைக் காட்டினார். பத்து வயதில் ஈறருகே பழுப்புக் கோடு ஒன்று தொடங்குமாம், இருபதில் பல்லின் நுனிவரை இறங்கிவிடுமாம், அப்புறம் மேலிருந்து மறையுமாம். கல்யாணிக்கு மேல்பாதி மறைந்துவிட்டது. இருபத்தைந்துக்குப் பக்கம். பெண்களின் வயதைக் குறைத்துச் சொல்வது மரியாதைதானே என்றார் மருத்துவர்.

நெடுந்தீவான் | ஜூலை 14, மாலை 5.45

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். எங்கள் தீவில் ஒல்லாந்தர் காலத்து வழிவந்தவை என்று சொல்லப்படும் குதிரைகள் கட்டாக்காலியாகத் திரிகின்றன. யாரும் ஏறுவதில்லை, யாரும் கட்டுவதில்லை. கேட்க அழகாக இருக்கும். வறட்சிக் காலத்தில் குளம் வற்றினால் குட்டிகள் சேற்றில் புதைந்து கிடப்பதைப் பார்த்தால் அழகு போய்விடும். நாங்கள் தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிட்டு விலகி நிற்போம். நூறு மீற்றருக்குள் மனிதர் நின்றால் அவை குடிக்க வராது. நன்றி சொல்ல வராத குதிரைக்குத் தண்ணீர் சுமப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

கொள்ளுப்பை | ஜூலை 19, இரவு 9.00

முத்துவின் மணல் கணக்கு. அவனும் கடற்கரைக் குதிரைதான், எட்டு வயது. கரையில் கிடக்கும் காய்கறித் தோலையும் சோளக் கருதையும் மணலோடு தின்று வளர்ந்தவன். மணல் பெருங்குடலின் அடியில் படிந்து கிடக்கும், ஒரு நாள் அடைத்துக்கொள்ளும்.

வீட்டிலேயே பார்க்கலாம். நீளமான பிளாஸ்டிக் கையுறையில் ஒரு கைப்பிடி லத்தி, அது தரையில் படாமல் உருண்டையின் நடுவிலிருந்து எடுத்தது. மேலே தண்ணீர் ஊற்றிக் கரைத்து ஆணியில் தொங்கவிட வேண்டும். கால் மணி நேரத்தில் நார் மிதக்கும், மணல் விரல் நுனிகளில் இறங்கும். ஐந்து மாதம் முன்பு ஐந்து விரலும் நிறைந்து கை மாதிரியே விறைத்து நின்றது. என் பேத்தி பயந்துவிட்டாள். மாதம் ஒரு வாரம் இசப்கோல் உமியை ஈரத் தவிட்டில் பிசைந்து கொடுத்துவருகிறோம். இன்று சுண்டுவிரல் நுனியில் ஒரு சிட்டிகை. அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக்காரர் என்ன தொங்குகிறது என்று கேட்டார். சொன்னேன். இனி அவர் காலையில் காபிக்கு வரமாட்டார் என்று நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் | ஜூலை 19, இரவு 9.40

அருமை. தீனியையும் தரையில் போடாமல் தொட்டியில் போடுகிறீர்களா? அதைவிட்டு இசப்கோல் கொடுப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் மொள்வது.

கொள்ளுப்பை | ஜூலை 19, இரவு 9.44

தொட்டியில்தான் ஐயா. அவன் அதைக் கவிழ்த்துவிட்டுத் தரையில் தின்கிறான். இப்போது டயருக்குள் தொட்டியைப் பதித்திருக்கிறேன். டயரோடு இழுத்துக்கொண்டு நடக்கிறான்.

புதியவன் | ஜூலை 21, இரவு 7.30

டீக்கடையில் கேட்டேன். குதிரைக்கு ஆள் இருக்கிறார். வயதானவர், காலில் அடிபட்டுப் படுத்திருக்கிறார், மூன்று கிலோமீட்டர் தள்ளிக் குடிசை. குதிரை தானாகச் சாலைக்கு வந்து மேய்கிறது. அவரிடம் பேசினேன். விற்க மாட்டேன் என்றார், நான் சாகும்வரை இருக்கட்டும் என்றார். என்ன செய்வதென்று தெரியவில்லை. இப்போதைக்குக் காலையும் மாலையும் அங்கேயே போய்க் குதிரை மசால் போடுகிறேன். இரவு வேளையை அவருடைய மருமகள் பார்த்துக்கொள்கிறார். கால்நடைக் கல்லூரி மருத்துவர் வந்து பார்த்தார். கடைவாய்ப் பல்லின் ஓரம் கத்தி மாதிரி வளர்ந்து கன்னத்தின் உட்புறத்தைக் கிழித்திருக்கிறதாம். பாதி மென்ற புல்லை உருண்டையாகத் துப்பிக்கொண்டிருந்தது. பசியில்லை என்று நினைத்திருந்தேன்.

லாடக்காரர் மகன் | ஜூலை 21, இரவு 8.05

பல்லை அராவச் சொல்லுங்கள். நாற்பது நிமிட வேலை. பாதிக் குதிரைகள் தீனி இல்லாமல் இளைப்பதில்லை, மெல்ல முடியாமல் இளைக்கின்றன. பெரியவர் வீட்டு முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தை முடிந்து திரும்பும்போது வந்து குளம்பு சீவிவிடுகிறேன். கூலி வேண்டாம்.

சந்தை என்றதும் நினைவுக்கு வருகிறது. சுழி சரியில்லை என்று போன வருடம் ஒரு குதிரையை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். முடி எந்தப் பக்கம் சுழித்தால் என்ன? அப்பா சொல்வார், நெற்றியைப் பார்க்கிற நேரத்தில் காலைத் தூக்கிப் பார் என்று. அந்தக் குதிரை இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. குடி கெடவில்லை. என் தங்கைக்கு வேலை கிடைத்தது.

ஊட்டிக்குளிர் | ஜூலை 21, இரவு 8.30

ஐயா, உங்களோடு சண்டை போட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பாதியை.

கொள்ளுப்பை | ஆகஸ்ட் 2, இரவு 9.12

டாக்டர் ஐயா இணைப்பில் இருக்கிறீர்களா? கல்யாணி மாலைத் தீனி தொடவில்லை. முன்காலால் தரையைப் பறிக்கிறாள். திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கிறாள். மதியத்துக்குப் பிறகு லத்தி இல்லை. எங்கள் மருத்துவர் அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார், கிளம்பிவிட்டார்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் | ஆகஸ்ட் 2, இரவு 9.15

தீனியை எல்லாம் அப்புறப்படுத்துங்கள். வாய்வழி எதுவும் ஊற்றாதீர்கள், எண்ணெய், கஷாயம் எதுவும் வேண்டாம். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, இறங்காதது இரைப்பையிலேயே முட்டும். தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்து நாடி எண்ணுங்கள். ஈறு என்ன நிறம்?

கொள்ளுப்பை | ஆகஸ்ட் 2, இரவு 9.24

நாடி 72. ஈறு செங்கல் நிறம். விரலால் அழுத்தினால் வெளுத்த இடம் சிவக்க நான்கு விநாடி ஆகிறது. வயிற்றில் காது வைத்துக் கேட்டேன். இரண்டு பக்கமும் சத்தமே இல்லை.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் | ஆகஸ்ட் 2, இரவு 9.27

நாற்பத்து நான்குக்குள் இருக்க வேண்டியது. மெதுவாக நடத்துங்கள், புரண்டால் தலைமாட்டில் நிற்காதீர்கள். என் எண்ணை உங்கள் மருத்துவரிடம் கொடுங்கள். அம்மா, வீட்டில் துணைக்கு யாராவது இருக்கிறார்களா?

கொள்ளுப்பை | ஆகஸ்ட் 3, காலை 7.50

3.40-க்கு அனுப்பிவைத்தோம்.

மருத்துவர் பதினொன்றுக்கு வந்தார். வலி ஊசி போட்டும் அரை மணி நேரம் தாங்கவில்லை. மூக்கு வழியே குழாய் விட்டதும் பச்சைத் தண்ணீர் வாளி வாளியாகத் திரும்பி வந்தது. வயதான குதிரைகளுக்குக் குடலருகே கொழுப்புக் கட்டி ஒன்று காம்போடு வளருமாம், அந்தக் காம்பு குடலைச் சுற்றி இறுக்கியிருக்கலாம் என்றார். திறந்து பார்த்தால்தான் உறுதி. இருபத்தைந்து வயதில், அந்த நாடியில், மயக்க மருந்து கொடுத்துத் திறக்கும் இடம்வரை அவளை ஏற்றிக்கொண்டு போவது யாருக்காக என்று கேட்டார். அவர் கேட்டது நல்லது. நானாகக் கேட்டிருக்க மாட்டேன்.

அவள் வழக்கமாகத் தூங்கும் இடத்தில்தான் படுத்தாள். ஜூலை 12-இலிருந்து அந்த இடத்தில் தினமும் தூங்கினாள். இருபத்திரண்டு இரவு. நான் எண்ணி வைத்திருக்கிறேன்.

காலையில் முத்துவை அவிழ்த்துவிட்டேன். முகர்ந்து பார்த்தான், மூக்கு, காது, வயிறு என்று வரிசையாக. பிடரியைப் பல்லால் ஒருமுறை இழுத்தான், அரிப்பெடுத்தால் இருவரும் மாறி மாறிச் செய்துகொள்வது அது. கால் மணி நேரம் நின்றான். பிறகு போய்ப் புல் தின்ன ஆரம்பித்துவிட்டான். ஜேசிபி பத்து மணிக்கு வருகிறது. கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் குழி.

சவாரிக்காரருக்குப் போன் செய்தேன். அவர் கேட்பதற்கு முன் நானே சொன்னேன், நேற்று மதியம்வரை தின்றாள் என்று. பஸ் ஏறிவிட்டாராம்.

நெடுந்தீவான் | ஆகஸ்ட் 3, காலை 8.30

ஆழ்ந்த துயர் அக்கா.

லாடக்காரர் மகன் | ஆகஸ்ட் 3, காலை 8.41

நாலு வேளையும் லத்தி எண்ணியவர் நீங்கள். இதைத் தடுத்திருக்க முடியாது. வால் முடி கொஞ்சம் கத்தரித்து அவரிடம் கொடுங்கள். எங்கள் பக்கம் கொடுப்பார்கள்.

கொள்ளுப்பை | ஆகஸ்ட் 3, இரவு 8.10

கொடுத்தேன். சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். போகும்போது முத்துவின் டயர் தொட்டியைப் பார்த்துவிட்டு, தரையில் முளை அடித்துச் சங்கிலி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

புதியவன் | ஆகஸ்ட் 9, மாலை 6.15

அக்கா, இந்த நேரத்தில் எழுதலாமா என்று தெரியவில்லை. பல் அராவியாயிற்று. நேற்றிலிருந்து துப்பவில்லை. பெரியவர் கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு அது மெல்லும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இன்று காலை முழு லத்தி போட்டது.

கொள்ளுப்பை | ஆகஸ்ட் 9, மாலை 6.22

எத்தனை உருண்டை? உடைந்து விழுந்ததா, முழுசாகவா? உள்ளே நீளமான நார் இருக்கிறதா? நார் விரல்நீளம் இருந்தால் இன்னும் சரியாக மெல்லவில்லை என்று அர்த்தம்.

கல்யாணிக்கென்று வாங்கிய குதிரை மசால் பதினோரு கட்டு மிச்சம் இருக்கிறது. முத்துவுக்கு அவ்வளவு வேண்டாம், கொழுத்துவிடுவான். செங்கல்பட்டுவரை ஒரு வண்டி ஏற்பாடு செய்ய முடியுமா? சனிக்கிழமை வந்தால் நல்லது. அன்றைக்கு முத்துவுக்குக் குளம்பு சீவுகிறார்கள், பின்னங்காலைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.